88-ஆம் எண் சீட் பிறந்த கதை

ஃபார்முலா 1 காரின் இருக்கையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஓட்டுநரைக் காருக்குள் இறக்கி உட்காரவைத்து, அவர் முதுகுக்கும் இடுப்புக்கும் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைச் செருகுவார்கள். இரண்டு திரவங்களைக் கலந்து அதற்குள் ஊற்றினால், புளித்த மாவு பொங்குவதுபோல நுரைத்து எழும்பும். கொஞ்சம் சூடும் ஏறும். ஆள் அசையக்கூடாது. ஸ்டியரிங்கில் கை, பெடலில் கால், பந்தயத்தில் எப்படி உட்காருவாரோ அப்படியே சில நிமிடம் இருக்க வேண்டும். நுரை இறுகியதும் எழுந்துவிடலாம். தோள்பட்டையின் கோணல், முதுகெலும்பின் வளைவு, ஒரு பக்கம் சற்றே தூக்கிய இடுப்பு எல்லாம் அதில் பதிந்திருக்கும். அதைச் செதுக்கி, அளவெடுத்து, கார்பன் ஃபைபரில் ஓடு செய்வார்கள். வேறு ஒருவர் அதில் உட்கார்ந்து நாலு சுற்று ஓட்டினால் முதுகே சொல்லிவிடும், இது உன் இடமில்லை என்று.

இந்த ஓட்டுக்குத்தான் சீட் என்று பெயர். ஆனால் பந்தயக்காரர்கள் ‘சீட் கிடைத்துவிட்டது’ என்று சொல்லும்போது இந்த ஓட்டைச் சொல்வதில்லை. மருத்துவக் கல்லூரி சீட், தேர்தல் சீட் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பொருளில் சொல்கிறார்கள். 2016-இல் மொத்தம் 11 அணிகள். அணிக்கு 2 கார். உலகம் முழுமைக்கும் 22 சீட். அதில் ஒன்று, 88 என்ற எண்ணைத் தாங்கியது, இந்தோனேசியாவுக்குப் போனது. அதற்கு முன்னால் அந்த நாட்டுக்காரர் யாரும் ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டியதில்லை. தென்கிழக்கு ஆசியாவையே எடுத்துக்கொண்டாலும் அதுவரை 1950-களில் தாய்லாந்து இளவரசர் பீரா, 2001-இல் மலேசியாவின் அலெக்ஸ் யூங் என்று இரண்டே பேர்தான்.

அந்த சீட் உருவாக 17 வருடம் பிடித்தது. இருந்ததோ 12 பந்தயம்.

ஜாவா தீவின் நடுவில் சுரகர்த்தா என்று ஓர் ஊர். ஊர்க்காரர்களுக்கு அது சோலோ. இரண்டு அரண்மனை, பாத்திக் துணி, பெங்காவான் சோலோ ஆறு என்று பழைய வாசனை மாறாத ஊர். வேகத்துக்குப் பேர்போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சோலோக்காரர்கள் கோபத்தைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் காட்டுவார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வதுண்டு. ஜாவா மொழியில் ஒரு பழமொழி இருக்கிறது: ‘அலோன் அலோன் அசல் கெலகோன்’. மெதுவாகப் போனாலென்ன, காரியம் முடிந்தால் சரி. இந்த ஊரில் 1993 ஜனவரி 22 அன்று ரியோ ஹர்யாந்தோ பிறந்தார். வீட்டில் நான்கு பிள்ளைகள், இவர் கடைக்குட்டி.

அப்பா சின்யோ ஹர்யாந்தோவின் தொழில் பள்ளிக்கூட நோட்டு. ‘கிகி’ என்ற பெயரில் வரும் நோட்டுப் புத்தகங்களை இந்தோனேசியாவில் படித்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதைத் தயாரிப்பது சோலோவில் இருக்கும் அவர்கள் குடும்ப நிறுவனம். நோட்டு வியாபாரம் எப்படிப்பட்டதென்று யோசித்துப் பாருங்கள். ஒரு நோட்டில் மிஞ்சுவது சில்லறை. அந்தச் சில்லறை லட்சக்கணக்கான பிள்ளைகளின் பைகளிலிருந்து ஜூன், ஜூலை மாதங்களில் பள்ளி திறக்கும்போது வந்து சேர வேண்டும். பந்தயக் காரோ காசை நேர்மாறாகத் தின்னும். ஒரு திருப்பத்தில் அரை நொடி கவனம் பிசகினால் முன்னிறக்கை உடைந்துபோகும். ஆயிரமாயிரம் நோட்டின் லாபம் ஜல்லியில் சிதறிக் கிடக்கும்.

சின்யோவுக்கு இது தெரியாமல் இல்லை. அவரே ஒரு காலத்தில் கார் பந்தயம் ஓட்டியவர். தெரிந்தும் கடைக்குட்டியை 6 வயதில் கோ-கார்ட்டில் உட்காரவைத்தார். அம்மா இந்தா பென்னிவாத்தி பிற்பாடு மகனின் தொழில் விவகாரங்களை எல்லாம் கையில் எடுத்துக்கொண்டார். ஒப்பந்தம், ஸ்பான்சர், பத்திரிகையாளர் கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது அவர்தான். பிள்ளையை டியூஷனுக்கு அழைத்துப்போய் வாசலில் காத்திருக்கும் அம்மாக்களை நமக்குத் தெரியும். இவர் காத்திருந்த வாசல்கள் பார்சிலோனா, சில்வர்ஸ்டோன், மான்ட்டே கார்லோ என்று நீண்டன.

ரியோ பிறந்த அதே 1993-இல் இந்தோனேசியாவில் இன்னொன்றும் பிறந்தது. ஜகார்த்தாவுக்குத் தெற்கே, போகோர் போகும் வழியில் செந்தூல் பந்தயத் தடம். கட்டியவர் அதிபர் சுகார்த்தோவின் மகன் டாமி. ஃபார்முலா 1 ஜாவாவுக்கு வரும் என்ற நம்பிக்கையில் எழுந்த தடம் அது. மோட்டார் சைக்கிள் கிராண்ட் ப்ரீ 1996-இலும் 1997-இலும் அங்கே நடந்தது. முதல் வருடம் 500 சிசி பந்தயத்தை மிக் டூஹன் ஜெயித்தார், மறு வருடம் தடாயுகி ஒகாடா. அதற்குள் ஆசிய நாணயச் சரிவு வந்துவிட்டது. ஒரு டாலருக்கு 2,400 ருபியா என்ற அளவில் இருந்தது சில மாதங்களில் 10,000-ஐத் தாண்டியது. 1998 மே மாதம் சுகார்த்தோ பதவி விலகினார். மறு வருடம் பக்கத்து மலேசியா செப்பாங்கில் புத்தம்புதுத் தடத்தைத் திறந்து ஃபார்முலா 1-ஐத் தன் பக்கம் கொண்டுபோய்விட்டது. பந்தயம் வரும் என்று கட்டிய வீட்டுக்கு மாப்பிள்ளை வரவேயில்லை. 6 வயதுப் பையன் கோ-கார்ட் பழகத் தொடங்கியது இந்தச் சமயத்தில்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தடம் இருந்தால் வீரன் தானாக வருவான் என்று நாடுகள் நினைக்கின்றன. அப்படி வருவதில்லை. ஃபார்முலா 1-க்கு ஏறும் ஏணியின் மேற்படிகள் எல்லாம் ஐரோப்பாவில் இருக்கின்றன. ஆசியப் பையன் கீழ்ப்படியில் எவ்வளவு ஜெயித்தாலும், ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய், தெரியாத தடங்களில், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களோடு மோதியாக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கட்டணம். மேலே போகப் போக ஒரு பருவத்துக்கே பத்து லட்சம் யூரோவைத் தாண்டும்.

கீழ்ப்படிகளை ரியோ தாவித் தாவி ஏறினார். 2008-இல், 15 வயதில், ஆசியாவின் சிறிய ஃபார்முலா கார்களில் ஓட்டத் தொடங்கினார். மறு வருடம் மலேசியாவின் மெரிட்டஸ் அணிக்காக ஃபார்முலா பிஎம்டபிள்யூ பசிஃபிக் தொடரில் இறங்கி 15 பந்தயங்களில் 11-ஐ ஜெயித்துப் பட்டத்தைத் தட்டிக்கொண்டார். அதன்பின் ஆசியாவில் அவருக்கு வேலை இல்லை.

2010-இல் ஐரோப்பா. ஜிபி3 என்ற புதுத் தொடர் அந்த வருடம்தான் தொடங்கியது. ரியோவைச் சேர்த்துக்கொண்டது மேனர் என்ற இங்கிலாந்து அணி. ஜான் பூத் என்ற முன்னாள் பந்தயக்காரர் 1990-இல் தொடங்கிய அணி அது. கிமி ரைக்கோனனும் லூயிஸ் ஹாமில்டனும் பெரிய ஆட்கள் ஆவதற்கு முன்னால் ஃபார்முலா ரெனோவில் ஓட்டியது இந்த அணியின் கார்களைத்தான். 17 வயது ரியோ இஸ்தான்புல்லில் ஒரு பந்தயம் ஜெயித்து, பருவ முடிவில் 5-ஆம் இடம் பிடித்தார். மேனரின் மூன்று ஓட்டுநர்களில் அவரே முதலில் வந்ததால் ஒரு பரிசு கிடைத்தது: அந்த நவம்பரில் அபுதாபியில் விர்ஜின் அணியின் ஃபார்முலா 1 காரைச் சோதனைக்கு ஓட்டலாம். விர்ஜின் என்றாலும் ஆட்கள் மேனர்காரர்கள். ரிச்சர்ட் பிரான்சனின் பெயரை ஒட்டிக்கொண்டு அந்த வருடம்தான் ஃபார்முலா 1-இல் நுழைந்திருந்தார்கள்.

88-ஆம் எண் சீட்டுக்கு விதை விழுந்தது அபுதாபியில்தான் என்பது என் கணக்கு. அந்த நாளில் அவர் எவ்வளவு வேகமாகப் போனார் என்பது முக்கியமில்லை. கடைசி வரிசையில் நிற்கும் அந்தச் சின்ன அணிக்கு சோலோக்காரப் பையனின் முகம் தெரிந்துவிட்டது. பையனின் வீட்டாருக்கும் அந்த அணியின் கதவு தெரிந்துவிட்டது. ஆறு வருடம் கழித்து அவர்கள் தட்டியது அதே கதவைத்தான்.

இடையில் இருந்த வருடங்கள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2011-இல் ஜிபி3-இல் இரண்டு வெற்றி, 7-ஆம் இடம். 2012-இல் ஜிபி2-க்கு ஏறினார். அப்போது அது ஃபார்முலா 1-க்குக் கீழே கடைசிப் படி. கார்லின் அணியில் 14-ஆம் இடம், மறு வருடம் அடாக்ஸில் 19, அதற்கடுத்து கேட்டர்ஹாமில் 15. மூன்று வருடம், மூன்று அணி, வெற்றி ஒன்றுகூட இல்லை. நடுவே 2012-இல் சில்வர்ஸ்டோனில் மீண்டும் ஒரு ஃபார்முலா 1 சோதனை. அதே பழைய அணி, இப்போது மருஷ்யா என்று பெயர். 2014-இல் மொனாக்கோவில் ஒரு 3-ஆம் இடம். நோட்டு விற்ற காசு கரைந்துகொண்டே இருந்தது. வேறு குடும்பமாக இருந்தால் இந்த இடத்தில் பையனைத் தொழிற்சாலைக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கும்.

2015-இல் ஸ்பெயினின் காம்போஸ் அணியில் சேர்ந்தார். அந்த வருடம்தான் எல்லாம் கூடி வந்தது. பஹ்ரைன், ஆஸ்திரியா, சில்வர்ஸ்டோன் என்று மூன்று வெற்றி. பருவ முடிவில் 4-ஆம் இடம். மூன்றும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஜிபி2-இல் அப்போது சனிக்கிழமை நீண்ட பந்தயம். அதில் முதல் எட்டு இடம் பிடித்தவர்களை ஞாயிறன்று தலைகீழாக நிறுத்துவார்கள். எட்டாவது வந்தவர் முதலில் நிற்பார். ஆகவே ஞாயிறு வெற்றிக்குச் சந்தையில் மதிப்புக் கொஞ்சம் குறைவு. அந்த வருடம் பட்டம் வென்ற ஸ்டோஃபெல் வான்டோர்னுக்குப் பக்கத்தில் ரியோவை நிறுத்தி யாரும் பேசவில்லை. ஆனாலும் ஜிபி2-இல் நாலாவது வருபவர் சும்மா அப்பா காசில் சுற்றுகிறவர் என்று சொல்லிவிட முடியாது. டிசம்பரில் அபுதாபியில் மேனர் மறுபடியும் அவரைக் காரில் உட்காரவைத்துப் பார்த்தது.

மேனரின் நிலைமையையும் இங்கே சொல்ல வேண்டும். 2014 அக்டோபரில் சுசூகா மழையில் அவர்களுடைய ஓட்டுநர் ஜூல்ஸ் பியாங்கி விபத்தில் சிக்கி, நினைவு திரும்பாமலே அடுத்த ஜூலையில் இறந்துபோனார். விபத்து நடந்த அதே மாதம் அணி கடனில் மூழ்கியது. ஓவோ எனர்ஜி என்ற மின்சார நிறுவனத்தை நடத்திய ஸ்டீபன் ஃபிட்ஸ்பாட்ரிக் அதை வாங்கி உயிர் கொடுத்தார். 2015 முழுக்க முந்தைய வருடத்து எஞ்சினோடு ஓடி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வருடக் கடைசியில் நிறுவனர் ஜான் பூத்தும் அவரோடு அணியை நடத்திய கிரேம் லவ்டனும் வெளியேறினார்கள். ரியோவைச் சிறு வயதிலிருந்து அறிந்த தலைகள், அவருக்குக் கதவு திறக்கப்போகும் நேரம் பார்த்து, வீட்டில் இல்லை.

புது மேனருக்கு மெர்சிடீஸ் எஞ்சின் கிடைத்தது. கூடவே மெர்சிடீஸ் வளர்த்த பாஸ்கல் வெர்லைன் என்ற ஜெர்மன் இளைஞர். ஒரு சீட் அப்படிப் போனது. மற்றொன்றுக்கு விலை ஒட்டினார்கள்: 1.5 கோடி யூரோ.

விலை என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஃபார்முலா 1-இல் இது பழைய வழக்கம். நிக்கி லவுடா வங்கியில் கடன் வாங்கித்தான் மார்ச் அணியில் நுழைந்தார். பிற்பாடு மூன்று முறை உலகச் சாம்பியன். 1991-இல் பெல்ஜியத்தில் ஜோர்டன் அணிக்காக மைக்கேல் ஷூமாக்கர் முதல் பந்தயம் ஓட்ட, மெர்சிடீஸ் பணம் கட்டியது. காசு கொடுத்து உள்ளே போனவன் எல்லாம் தகுதியில்லாதவன் என்று ஆகிவிடாது. அணியின் பக்கமும் நியாயம் உண்டு. அப்போது பருவ முடிவில் பரிசுப் பணம் முதல் பத்து அணிகளுக்குத்தான். 2016-இல் ஹாஸ் என்ற அமெரிக்க அணி புதிதாக வந்து எண்ணிக்கை 11 ஆகிவிட்டது. யாரோ ஒருவர் வெறுங்கையோடு போக வேண்டும். கடைசியில் நிற்பவனுக்கு முன்பணம்தான் மூச்சுக்காற்று.

1.5 கோடி யூரோ என்பது அன்றைய மதிப்பில் சுமார் 22,500 கோடி ருபியா. சோலோ நோட்டுத் தொழிற்சாலை எட்டிப்பிடிக்கிற தொகை இல்லை இது. குடும்பம் 30 லட்சம் யூரோ போட்டது. அரசு எண்ணெய் நிறுவனமான பெர்த்தமினா 50 லட்சம் தந்தது. மிச்சம் 70 லட்சம். இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சர் இமாம் நஹ்ராவி 10,000 கோடி ருபியா தருவதாகச் சொன்னார். யூரோவில் கிட்டத்தட்ட 67 லட்சம். கணக்கு ஏறக்குறைய நேராகிவிட்டது, காகிதத்தில்.

2016 பிப்ரவரி 18 அன்று ஜகார்த்தாவில், பெர்த்தமினா தலைமையகத்தில், அறிவிப்பு வந்தது. 25 கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர். அப்போது நாட்டின் அதிபர் ஜோக்கோ விடோடோவும் சோலோக்காரர்தான், அந்த ஊரின் பழைய மேயர். பார்சிலோனாவில் பருவச் சோதனை தொடங்க நான்கே நாள் இருந்தது. மற்ற அணிகளில் ஓட்டுநர்கள் மாதக்கணக்காகத் தொழிற்சாலைக்குப் போய் சிமுலேட்டரில் உட்கார்ந்து பழகியிருந்தார்கள். இவருக்குக் கையெழுத்தின் மை காயவே நேரமில்லை.

மார்ச் 20, மெல்பர்ன். அதற்கு முந்தைய நாளே ஒரு வினை. சனிக்கிழமைப் பயிற்சியில் பிட் லேனில் போகும்போது ஹாஸ் அணியின் ரோமன் குரோஷான் காரில் இடித்துவிட்டார். தண்டனையாக மூன்று இடம் பின்னால். தகுதிச் சுற்றில் சக ஓட்டுநர் வெர்லைனைவிட வேகமாகப் போயும், தண்டனையால் வரிசையின் கடைசியில் நின்றார். பந்தயத்தில் பெர்னாண்டோ அலோன்சோவின் கார் பயங்கரமாக உருண்டு, சிவப்புக் கொடி காட்டி எல்லாரையும் நிறுத்தினார்கள். மறுபடி கிளம்பும்போது 88 கிளம்பவில்லை. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் பகுதியில் கோளாறு. முதல் நாள் அதோடு முடிந்தது.

பஹ்ரைனில் 17-ஆம் இடம். முதன்முறையாகக் கோட்டைத் தாண்டினார். சீனாவில் 21. ரஷ்யாவில் முதல் சுற்றிலேயே மோதல். ஸ்பெயினில் 17.

மொனாக்கோவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மே 29, காலையிலிருந்து மழை. தடம் முழுக்க நீர் தேங்கி, சேஃப்டி கார் பின்னால் வரிசையாக அழைத்துப்போய் ஏழு சுற்று கழித்துத்தான் பந்தயத்தைத் திறந்துவிட்டார்கள். வீட்டு வாசல்களை ஒட்டி ஓடும் தெரு அது. இரும்பு வேலிக்கும் டயருக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் அதிகம். ரைக்கோனன் வேலியில் இடித்து வெளியேறினார். இரண்டு வாரம் முன்பு ஸ்பெயினில் ஜெயித்து உலகையே வாய்பிளக்க வைத்த மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் சுவரில் மோதினார். சாபர் அணியின் இருவர் தங்களுக்குள்ளேயே முட்டிக்கொண்டார்கள். மொத்தம் ஏழு பேர் போய்விட்டார்கள். 22-இல் ஏழு போக 15. ரியோ ஹர்யாந்தோ வந்தது 15-ஆவதாக. முதலில் வந்த ஹாமில்டனைவிட நாலு சுற்றுப் பின்னால். ஃபார்முலா 1-இல் அவருடைய மிகச் சிறந்த முடிவு இதுதான். அன்று முடித்தவர்களில் கடைசி ஆளும் அவர்தான்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு இந்த 15-ஆம் இடம் பிடித்திருக்கிறது. வழுக்கும் தெருவில், பிடிமானம் குறைந்த காரில், முன்னால் போகும் கார்கள் கிளப்பும் நீர்ப்படலத்துக்குள் கண் தெரியாமல் 74 சுற்று போய், வண்டியைச் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்தார். அலோன் அலோன் அசல் கெலகோன். இந்தப் பழமொழிக்கு மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓர் உதாரணம் இருக்குமானால் இதுதான்.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் 15-ஆம் இடத்துக்குப் புள்ளி கிடையாது. ஜூலை 3 அன்று ஆஸ்திரியாவில் வெர்லைன் 10-ஆவதாக வந்து ஒரு புள்ளி எடுத்தார். மேனரில் அன்று திருவிழா. ரியோ 16. தகுதிச் சுற்றில் வெர்லைனைச் சில முறை முந்தியிருந்தார், உண்மை. பந்தயத்தில் நீண்ட தூரம் போகப் போகப் பின்தங்கினார், அதுவும் உண்மை. காசைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால்கூட, இரண்டாம் வருடத்துக்கு அவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் அடித்துப் பேசியிருக்க முடியாது. முதல் வருடத்தை முழுசாக முடிக்க விட்டிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

விடாததற்குக் காரணம் ஸ்டாப்வாட்ச் இல்லை. அமைச்சர் சொன்ன 10,000 கோடி ருபியா வரவில்லை. அரசு வரவுசெலவுத் திட்டத்தின் பணத்தை ஒரு வெளிநாட்டு அணியில் தனியாள் ஒருவரின் சீட்டுக்கு எடுத்துக் கொடுக்க வழி கிடைக்கவில்லை. ஒரு வகையில் அது சரிதான். விளையாட்டு மைதானம் இல்லாத தீவுகள் எத்தனையோ இருக்கும்போது மக்கள் பணத்தைக் கொண்டுபோய் இங்கிலாந்து அணி ஒன்றின் கல்லாவில் போடலாமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். தப்பு நடந்தது அதற்கு முந்தைய கட்டத்தில்: கையில் இல்லாததைத் தருகிறேன் என்று சொன்னது.

மேனர் வாங்கிய 80 லட்சம் யூரோவைப் பந்தயக் கணக்கில் பிரித்துப் பார்த்தது. 21 பந்தயத்துக்கு 1.5 கோடி என்றால் 80 லட்சத்துக்கு 11. ஜூலை 24, ஹங்கேரியோடு தீர்கிறது. மளிகைக் கடை அண்ணாச்சி பற்றுப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல இருந்தது அது. இந்தோனேசியாவில் ரசிகர்களிடம் குறுஞ்செய்தி வழியாக நன்கொடை கேட்டார்கள். ஆளுக்கு 5,000 ருபியா என்று வைத்துக்கொண்டால்கூடப் பாக்கித் தொகைக்கு இரண்டு கோடிப் பேருக்கு மேல் அனுப்ப வேண்டும். சமூக ஊடகத்தில் ரியோவுக்காகக் கூச்சல் போட்டவர்கள் ஏராளம். கூச்சலுக்கும் காசுக்கும் நடுவே உள்ள தூரம் சோலோவுக்கும் சில்வர்ஸ்டோனுக்கும் உள்ளதைவிட அதிகம்.

அந்த சில்வர்ஸ்டோனில், முந்தைய வருடம் ஜிபி2 வெற்றி பெற்ற அதே தடத்தில், மழையில் சுழன்று வெளியே போனார். ஹங்கேரியில் 21. தவணை தீர்ந்தும் அணி இன்னும் ஒரு பந்தயம் பொறுத்தது. ஜூலை 31, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம்: 20-ஆம் இடம். பிறகு கோடை விடுமுறை. ஆகஸ்ட் 10 அன்று மேனர் அறிவித்தது: ஒப்பந்தப்படி வர வேண்டிய பணம் வரவில்லை, பெல்ஜியத்திலிருந்து எஸ்தபான் ஓகோன் ஓட்டுவார், ரியோ விரும்பினால் மாற்று ஓட்டுநராக இருக்கலாம். அவர் இருந்தார்.

ஃபார்முலா 1 விதிகளில் ஒன்று இருக்கிறது. விபத்து நடந்தால் ஓட்டுநரின் முதுகெலும்புக்கு ஆபத்து வராமல் இருக்க, அவரை இருக்கையோடு சேர்த்தே தூக்கி எடுக்கும்படி சீட் அமைந்திருக்க வேண்டும். ஆளையும் சீட்டையும் பிரிக்கக்கூடாது என்று அக்கறையாக எழுதியிருக்கிறார்கள்.

ஓகோனுக்குப் புது நுரை ஊற்றி, புது ஓடு வார்த்தார்கள். அதனாலும் மேனர் பிழைக்கவில்லை. நவம்பரில் பிரேசிலில், மறுபடியும் ஒரு மழைப் பந்தயத்தில், சாபர் அணியின் ஃபெலிப்பே நாசர் 9-ஆவதாக வந்து இரண்டு புள்ளி எடுத்தார். வெர்லைனின் ஒற்றைப் புள்ளி அதற்குக் கீழே போனது, மேனர் 11-ஆவது. பரிசுப் பணம் போயிற்று. 2017 ஜனவரியில் அணியை இழுத்து மூடினார்கள்.

ரியோ மூட்டை கட்டிக்கொண்டு ஆசியாவுக்கே திரும்பினார். பிறகு ஜிடி வகைப் பந்தயங்களில் ஃபெராரி ஓட்டினார். கூரை போட்ட கார், இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவது. அவருக்குப் பிறகு ஷான் கெலாயல் என்ற இந்தோனேசியர் டோரோ ரோசோ அணியின் காரில் வெள்ளிக்கிழமைப் பயிற்சிகள் வரை போனார். அவர் குடும்பத்துக்கு இந்தோனேசியாவில் கேஎஃப்சி கடைகள். கோழி வறுத்த காசும் ஞாயிற்றுக்கிழமை வரை எட்டவில்லை. நாட்டில் மட்டும் தடங்கள் பெருகின. 2021-இல் லொம்போக் தீவில் மந்தாலிகா தடம் திறந்தது. மறு வருடம் மோட்டார் சைக்கிள் கிராண்ட் ப்ரீ 25 வருடம் கழித்துத் திரும்பி வந்தது. ஓட்டுநர் விஷயத்தில் 2016-ஓடு நின்றதுதான்.

88 என்ற எண்ணுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2014-லிருந்து ஒவ்வொரு ஓட்டுநரும் தனக்கென்று ஒரு எண் எடுத்துக்கொள்ளலாம். அவர் போன பிறகும் அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். இரண்டு முழுப் பருவம் அவர் வராவிட்டால் மட்டும் எண் சந்தைக்குத் திரும்பும். 2017 போயிற்று, 2018 போயிற்று. 2019-இல் வில்லியம்ஸ் அணியில் ஒருவர் வந்து அதை எடுத்துக்கொண்டார்: ராபர்ட் குபிட்சா. ராலி விபத்தில் வலக்கை சிதைந்து, எட்டு வருடம் கழித்துப் பந்தயத்துக்குத் திரும்பியவர். போலந்துக்காரர். இந்தோனேசியக் கொடியில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை; போலந்துக் கொடி அதையே தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கும். அவருடைய சீட்டுக்குப் பின்னால் இருந்த ஸ்பான்சர் ஆர்லென், போலந்து அரசின் பங்குள்ள எண்ணெய் நிறுவனம். வில்லியம்ஸ் அந்த வருடம் வரிசையில் கடைசி அணி.

அந்தப் பருவம் முழுவதும் வில்லியம்ஸ் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. ஜூலை 28 அன்று, மழையில், முன்னால் வந்த இரண்டு ஆல்ஃபா ரோமியோ கார்களுக்குத் தண்டனை விழுந்ததால், 88-ஆம் எண் கார் 10-ஆம் இடத்துக்கு உயர்ந்தது. தடம் ஹாக்கன்ஹைம்.